கடலோரத்து வீட்டில் சாமந்தி: ஆடியில் நட்டு மார்கழியில் பறிக்க

புதுச்சேரியில் சாமந்தி வளர்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மார்கழியில் ஈசிஆர் ஓரத்து நர்சரியில் வண்டியை நிறுத்துவோம். குள்ளமாக, பந்துபோல, மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகத் தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு வாங்குவோம். பொங்கல் வரை வாசலுக்கு அழகு. மாசியில் பூ காய்ந்துவிடும், பங்குனியில் செடி குச்சியாகிவிடும். "இது குளிர் ஊர்ச் செடி, நமக்கு வராது" என்று முடிவு கட்டி, அதே தொட்டியில் கற்றாழை நட்டுவிடுவோம். லாஸ்பேட்டையில் என் மாடியில் இரண்டு வருடம் கற்றாழைதான் பெருகியது.

சாமந்தி நமக்கு வரும். நாள்கணக்குதான் வேறு. படிக்கக் கிடைக்கும் குறிப்புகள் பலவும் குளிர் நாடுகளுக்கு எழுதியவை. அங்கே இலையுதிர் காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், சாமந்தி நிம்மதியாகப் பூக்கும். நம் கடற்கரையில் அதே மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். பழைய தமிழ்க் கணக்கில் அது கூதிர்காலம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்த நேரம் பார்த்து மொட்டு விரிந்தால் என்ன ஆகும்? பூ தண்ணீரைக் குடித்துக் கனத்துச் சாய்ந்து, மூன்றே நாளில் பழுப்பாகி அழுகும்.

அதனால் நான் பின்பற்றுவது ஒரே விதி: மழை பெரிதாகப் பெய்யும் வாரங்களில் செடி இலையும் மொட்டுமாக இருக்கட்டும், பூ மார்கழிக்கு வரட்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைதான்.

எந்தச் செடி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாமந்தி, செவ்வந்தி இரண்டும் ஒரே பூதான். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்று ஒரு பெயர் உண்டே, அதே செவ்வந்தி. நர்சரியில் "சாமந்தி நாற்று" என்று கேட்டால் சில இடங்களில் செண்டுமல்லியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இலையைப் பாருங்கள். செண்டுமல்லி இலை இறகுபோலப் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் மூக்கைத் துளைக்கும். சாமந்தி இலை ஒரே இலையாக, ஓரம் வெட்டுப்பட்டு, கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல இருக்கும்.

பாக்கெட் விதை வேண்டாம். சாமந்தி விதையிலிருந்து முளைக்கும், ஆனால் தாய்ச் செடியின் பூ அப்படியே வராது. தூரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றோ, நுனித் தண்டோதான் சரியான வழி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைகளில் கோ 1, எம்டியூ 1 இரண்டும் மஞ்சள், கோ 2 ஊதா. தோட்டத்தில் தரையில் நட இவை நல்லவை. ஆனால் வீட்டுக்கு ஒன்றிரண்டாகக் கிடைப்பது அரிது. கிடைப்பது பெரும்பாலும் அந்த நர்சரிக் குள்ளத் தொட்டிதான். அதுவும் போதும். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: தொட்டிச் சாமந்தியைப் பெரும்பாலும் வளர்ச்சி குறைக்கும் மருந்து கொடுத்துத்தான் குள்ளமாக வைக்கிறார்கள். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் கன்று அடுத்த வருடம் முழங்கால் உயரம் போகும். "செடி மாறிவிட்டதே" என்று பதற வேண்டாம். அதன் உண்மையான உயரம் அதுதான்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், தூரைப் பாருங்கள். மண்ணை ஒட்டிச் சின்னச் சின்னப் பச்சைத் துளிர்கள் கிளம்பியிருந்தால் அதுதான் அடுத்த வருடச் செடி. முழுக்க விரிந்த தொட்டியைவிட, மொட்டு நிறையவும் பூ நாலைந்துமாக இருப்பதை எடுங்கள். வீட்டில் அதிக நாள் நிற்கும்.

பகலும் இரவும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். செடிகள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பதை 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் விளக்கினார்கள். பல சாமந்தி வகைகள் பகல் ஏறக்குறைய பதினாலரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போது மொட்டு வைக்கத் தொடங்கும். பாரிசில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம். செடி இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகஸ்டு தாண்டிப் பகல் சுருங்க, மொட்டு வைத்து, நவம்பர் முதல் வாரத்துக்குள் பூத்து நிற்கும். பிரான்சில் அனைத்துப் புனிதர் நாளுக்குக் கல்லறைகளில் சாமந்தித் தொட்டி வைப்பது அதனால்தான் அவ்வளவு சுலபமாக நடக்கிறது. (அங்கே யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகும்போது சாமந்தி எடுத்துப் போய்விடாதீர்கள். நமக்கு மங்களம், அவர்களுக்குக் கல்லறைப் பூ. பிரான்சில் சொந்தம் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான்.)

இப்போது நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியின் மிக நீண்ட பகல் ஜூனில் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் 11 மணி 25 நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது சாமந்தியின் கணக்கில் நமக்கு வருடம் முழுக்கக் குறும்பகல். இதனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, கைப்பிடி உயரம்கூட வளராத செடி நுனியில் மொட்டு வைத்துவிடும். ஆசையாக இருக்கும், ஆனால் விட்டால் செடி அதோடு நின்றுவிடும். இரண்டு, கடும் வெயிலில் மொட்டு வைத்தும் விரியாமல் முடங்கும். இரவுப் புழுக்கம் குறையும் வரை அது காத்திருக்கும்.

இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பகல் எப்போதும் குறைவு என்பதால், எப்போது பூக்க வேண்டும் என்பதை நுனி கிள்ளியே ஓரளவு தள்ளிப் போடலாம். கடைசியாகக் கிள்ளியதிலிருந்து பூ விரிய ஏறக்குறைய 8 முதல் 10 வாரம். வகையைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகும்.

விளக்கு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே செடி அதை நீண்ட பகலாக எடுத்துக்கொள்ளும். கொய்மலருக்கு, அதாவது நீளத் தண்டோடு வெட்டி விற்பதற்கு, பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். தண்டு உயரும் வரை இரவில் விளக்கு போடுவார்கள், பிறகு அணைப்பார்கள். நான் தெரியாமல் செய்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த தொட்டியில் வீட்டுப் பக்கம் இருந்த கிளைகள் பூத்தன, தெருப் பக்கக் கிளைகள் வெறும் இலையாகவே நின்றன. உரம் போடவில்லையோ என்று பாதி மாதம் தலையைச் சொறிந்த பிறகுதான், எதிர்க் கம்பத்தில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கைக் கவனித்தேன். ஆக, புரட்டாசி முதல் தொட்டி இருக்கும் இடம் இரவில் இருட்டாக இருக்கட்டும். வாசல் விளக்கு விடிய விடிய எரியும் வீடானால் செடியைப் பின்பக்கம் கொண்டு போங்கள்.

மண்ணும் தொட்டியும்

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி). காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் வாசலிலேயே கிடைக்கும். பாகூர்ப் பக்கம் களிமண் வயலாக இருந்தால் மணலைக் கூட்டுங்கள். கடற்கரை மணலை மட்டும் தொடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது, சாமந்திக்கு உப்பு ஆகாது.

மாடியில் வைப்பதானால் தேங்காய் நார்க்கழிவு சேர்த்துக் கனத்தைக் குறைக்கலாம். நான் அரைப் பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. அடைமழையில் அது பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை மூச்சு முட்ட வைக்கும்.

தொட்டி 8 முதல் 10 அங்குலம். மண்தொட்டி கிடைத்தால் நல்லது, பக்கமெல்லாம் சுவாசிக்கும், ஈரம் சீக்கிரம் இறங்கும். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கும்போது, பிளாஸ்டிக் தொட்டிக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. எதுவானாலும் அடியில் மூன்று துளையாவது இருக்க வேண்டும். துளைமேல் உடைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வையுங்கள். அடித்தட்டு வேண்டாம்.

தரையில் நடுபவர்கள் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு நடுங்கள். கடலூரில் மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வீட்டுத் தோட்டம் சமதரை. முதல் வருடம் அங்கே நட்ட பதினைந்தில் ஐப்பசி முடிவில் மிஞ்சியவை இரண்டு. துவைக்கிற கல்லை ஒட்டி மேடாக இருந்த இடத்தில் இருந்தவை மட்டும்.

நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சாமந்திக்கும் பொருந்தும். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுவுக்குள் நட்டுவிடுங்கள்.

தாய்ச் செடியின் தூரிலிருந்து வேரோடு பிரிக்கிற பக்கக் கன்று இருந்தால் நேராகத் தொட்டியில் வைத்துவிடலாம். இல்லையென்றால் நுனித் தண்டு. மொட்டு இல்லாத இளந்தண்டாகப் பார்த்து 5 முதல் 7 செ.மீ. நீளம், கணுவுக்குக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். அடி இலைகளை எடுத்துவிட்டு மேலே மூன்று நான்கு விடுங்கள். ஈர மணலில் இரண்டு விரல்கடை ஆழம் செருகி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் தெளித்து வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் வந்துவிட்டது. அப்படி இழுத்து இழுத்தே நான் சிலதைக் கொன்றிருக்கிறேன், எனவே ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

தண்டிலிருந்து தொடங்குபவர்கள் ஆனியிலேயே வெட்டி வைத்தால் ஆடிக்குக் கன்று தயார். நட்ட ஒரு வாரம் நிழல். அப்புறம் மெல்ல வெயிலுக்கு மாற்றுங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும், மதியம் மூன்று மணி வெயில் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நுனி கிள்ளுதல்

புதியவர்களுக்குக் கை கூசுகிற வேலை இதுதான். செய்யாமல் விட்டால் ஒற்றைக் குச்சியின் உச்சியில் நாலு பூதான் கிடைக்கும்.

நட்டு மூன்று நான்கு வாரத்தில், ஆறேழு இலை வந்ததும், நுனித் துளிரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எறியுங்கள். இது ஆவணியில் வரும். கீழே மூன்று நான்கு கிளை உடையும். அவை ஒரு சாண் வளர்ந்ததும் ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளுங்கள். அது புரட்டாசி. நடுவில் எங்கே மொட்டு தலைகாட்டினாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். கடைசிக் கிள்ளல் அக்டோபர் நடுவில். அதற்கப்புறம் கை வைக்கக் கூடாது. அக்டோபர் நடுவிலிருந்து 8 முதல் 10 வாரம் எண்ணிப் பாருங்கள், டிசம்பர் நடுவுக்கும் கடைசிக்கும் இடையில் வந்து நிற்கும். வாசலில் கோலம் போட்டுச் சாணிப் பிள்ளையாருக்குப் பூ தேடுகிற நேரம்.

தீபாவளிக்கோ நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கோ சொந்தத் தோட்டத்துப் பூ வேண்டும் என்பவர்கள் ஆகஸ்டு கடைசியோடு கிள்ளுவதை நிறுத்த வேண்டும். ஆனால் மொட்டு நிறம் காட்டியதும் தொட்டியைக் கூரைக்கடியில் கொண்டு போக முடிந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். ஆயுத பூஜைக்கு முயற்சியே வேண்டாம். அதற்கு ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து மார்க்கெட்டில் குவியும், முழம் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மொட்டு பட்டாணி அளவு ஆனதும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பெரிய பூ வேண்டுமென்றால் ஒவ்வொரு கிளையிலும் நடு மொட்டை விட்டுப் பக்க மொட்டுகளை உருவிவிடுங்கள். பிப்ரவரி வாக்கில் தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள். சரம் கட்டவும் சாமிக்கு வைக்கவும் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிடுகிற கட்சி.

தண்ணீர், உரம், முட்டு

மேல் மண் ஒரு விரல்கடை காய்ந்தால் தண்ணீர். இலைமேல் ஊற்றாமல் தூரில் ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். இலை ஓரம் நெருப்பில் வாட்டினாற்போலக் கருகினால் நோய் என்று மருந்தடிக்கும் முன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் வாரம் ஒருமுறை தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே கழுவி விடலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் நான் பிடித்து ஊற்றுகிறேன்.

கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மொட்டு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்புறமும் தழைச்சத்து போனால் இலைதான் கொழுக்கும். நாற்றம் தாங்காத மாடிவீட்டுக்காரர்கள் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம்.

ஒரு தொட்டிக்கு மூன்று மூங்கில் குச்சி நட்டு, சுற்றிச் சணல் கட்டிவிடுங்கள். காற்று வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் காற்று நமக்காகக் காத்திருக்காது.

மழை நாள்கள்

ஐப்பசி பிறப்பதற்குள் ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். ஒரு குச்சியை விட்டு அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு மண் தள்ளி அடைத்திருக்கும். மழைத்தண்ணீர் மேலே தேங்கி நின்றால் தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள், நிமிர்த்துவதை மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தூறலுக்கெல்லாம் உள்ளே தூக்க வேண்டாம், செடிக்கு அது நல்லது. மூன்று நாள் விடாத மழை என்றால் சன்ஷேடுக்குக் கீழே சுவரோரம் நகர்த்துங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மாடித் தொட்டி எல்லாவற்றையும் தரைக்கு இறக்கி ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலைக் கடலூரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி இருந்தால் செடிக்கு மட்டுமல்ல, கீழே போகிறவர் தலைக்கும் ஆபத்து.

பலர் விட்டுவிடுவது புயலுக்கு அடுத்த நாள் வேலை. கடல்காற்று இலைமேல் உப்பைப் பூசிவிட்டுப் போயிருக்கும். நல்ல தண்ணீரால் இலையை ஒருமுறை கழுவிவிடுங்கள். மண்ணில் பட்டுச் சேறு தெறித்த அடி இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கறுப்புப் புள்ளி நோய் அங்கேதான் தொடங்கி மேலே ஏறும். புள்ளி விழுந்த இலையைக் குப்பை உரக் குழியில் போடக் கூடாது. சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாப் பொடியை ஒரு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலையிலும் தூரிலும் தெளித்தால் பரவுவது குறையும். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நின்றால் வேர் அழுகுகிறது. அதைக் காப்பாற்றப் பார்க்காமல், பச்சையாக இருக்கும் நுனியை வெட்டி மணலில் செருகுங்கள்.

பூச்சிகளில் முதலில் வருவது அசுவினி. இளந்துளிரிலும் மொட்டுக் காம்பிலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினி இருக்கிறது என்று பொருள். ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே போய்விடும். போகாவிட்டால் வேப்பெண்ணெய் 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பூ விரிந்த பின் எதையும் தெளிக்காதீர்கள், இதழ் கறைபடும்.

பூனையோ நாயோ வளர்க்கிற வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள், சாமந்தி இலை அவற்றுக்கு ஆகாது. சிலருக்குச் செடியைக் கையாண்டால் தோல் அரிக்கும். அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

பூத்த பிறகு

வாடிய பூவை அவ்வப்போது காம்போடு எடுத்துவிட்டால் மிச்ச மொட்டுகள் நன்றாக விரியும். மாசியில் பூ முடிந்ததும் செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தூரைச் சுற்றிப் பச்சைக் கன்றுகள் எழும். கற்றாழை நட்ட வருடங்களில் நான் பிடுங்கி எறிந்தது இந்தக் கன்றுகளைத்தான் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பங்குனிக்குள் அவற்றைப் பிரித்துத் தனித்தனிச் சிறு தொட்டிகளில் வையுங்கள். இனி ஆடி வரை பூவை மறந்துவிட வேண்டும், உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. மாமரத்தடி, வேப்ப மரத்தடி, பச்சை வலைக்குக் கீழே என்று மதிய வெயில் நேரடியாக விழாத இடம். மேலே காய்ந்த இலையால் மூடாக்கு. அக்னி நட்சத்திரத்தில் இரண்டு வேளைத் தண்ணீர், ஆனால் மண் சொதசொதவென்று இருக்கக் கூடாது. உரம் கிடையாது. வைக்கிற மொட்டையெல்லாம் கிள்ளிவிடுங்கள். எல்லாக் கன்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடமாகப் பிரித்து வையுங்கள். என் கணக்கில் கத்திரி வெயிலில் பத்துக்கு நாலு போய்விடும். மிஞ்சியவற்றின் நுனியை ஆனியில் வெட்டி மணலில் செருகினால், போன நாலுக்கும் சேர்த்துக் கன்று கிடைத்துவிடும்.